நாலாவது தொட்டில்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான்கு தொட்டில்கள். தவழ்கிறவர்களும் நடக்கிறவர்களுமாகக் கீழே ஆறு பேர். மொத்தம் பத்து. பிள்ளை பார்க்கும் ஆயா பூரணி காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை எண்ணிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பத்துதான் வந்தது. அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை. அன்றைக்கும் எண்ணியிருப்பாள். அன்றைக்கும் பத்துதான் வந்திருக்கும்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஆறரை மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் தங்கள் பழைய சேலையைக் கொண்டுவந்து கூரைக் கம்பியில் தாங்களே முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். முடிச்சில் மட்டும் அடுத்தவரை நம்பமாட்டார்கள். சேலையைப் பார்த்தே எந்தப் பிள்ளை என்று பூரணி சொல்லிவிடுவாள். பச்சைப் பூப்போட்டது நிலக்ஷியுடைய மகன் கிஷாந்துக்கு. எட்டு மாதம். மூலையில் நாலாவது தொட்டில்.

அது நடந்து இரண்டு வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான லோஜினி டீச்சர் பயிற்சி வகுப்பென்று ஹட்டனுக்குப் போயிருந்தாள். விடியலிலிருந்தே மழை. டிக்கோயாப் பக்கத்து மலைகளில் ஆனி மழை பிடித்தால் வானம் லயக்கூரை வரைக்கும் இறங்கிவிடும். நாலு மணிக்கே விளக்குப் போடவேண்டியிருக்கும். தாய்மார் கொழுந்தை நிறுத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கோடு ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள். பூரணி தரையைக் கூட்டினாள். கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஜன்னல்களை இழுத்துச் சாத்தி, கதவைப் பூட்டி, படிகளில் இறங்கி லயத்தில் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குசினியில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற கணவர் சின்னத்தம்பி, "மேமலை ஆளுக இப்பதான் எறங்குறாங்க போல. நிலக்ஷி எல்லாம் இப்பதான் கொழுந்து நிறுக்கப் போறாங்க," என்றார்.

கத்தி கையிலிருந்து விழுந்தது. படி ஏறியது அவளுக்கு நினைவிருக்கிறது. ஒரு செருப்பு கழன்றதும், சாவி துவாரத்தில் போகாமல் வழுக்கியதும் நினைவிருக்கிறது. பிறகு, நிலக்ஷி மழையிலிருந்து உள்ளே வந்தபோது கிஷாந்த் பூரணியின் தோளில் இருந்தான்.

"தூங்கிக்கிட்டு இருந்தான்," என்று பூரணி சொன்னாள்.

"பாவம் ஆயாம்மா, எனக்காக இம்புட்டு நேரம் காத்திருந்தீங்களா?" என்ற நிலக்ஷி, மலையில் பறித்த நாலு கொய்யாப்பழங்களைப் படங்கு மடிப்பிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். பூரணி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வரும் வழியில் சாக்கடைக் கானுக்குள் போட்டாள்.

சின்னத்தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

*

"ஆயாம்மா, யுனிவர்சிட்டியில இருந்து வாறாங்க," என்று லோஜினி ஒரு நாள் காலையில் சொன்னாள். "அறுபது வயசுக்கு மேல உள்ளவங்கள வச்சி ஒரு ஆராய்ச்சி. வயசானாலும் நல்லபடியா இருக்கிறது எப்படின்னு. மொத பேரா ஒங்க பேரத்தான் குடுத்திருக்கேன்."

"எம்பேர எதுக்கு டீச்சர்?"

"ஒங்க மாதிரி ஞாபகம் யாருக்கு இருக்கு? நான் பொறந்தப்ப எத்தன றாத்தல் எடைன்னு எங்கம்மாவே மறந்திட்டாங்க, நீங்க சொல்லுறீங்க."

"அஞ்சே முக்கா," என்றாள் பூரணி. அது தடையில்லாமல் வந்தது. பழையவை எல்லாம் வந்தன. நேற்றைக்கு உப்புப் போட்டோமா என்பதுதான் வரவில்லை. "என்னா கேப்பாங்க?"

"சாப்பாடு, தூக்கம், எத்தன படி ஏறுவீங்க... கடைசியில ஞாபகம் பாப்பாங்க. ஒங்களுக்கு அதெல்லாம் ஒன்னுமே இல்ல. எல்லாரையும் பாத்து முடிச்ச பொறகு ஒரு கூட்டம் வச்சி, ஒங்களயே பேசச் சொல்லுவாங்களாம்."

பூரணி தொட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு.

அவளுக்கு வயது அறுபத்து நாலு. அறுபதிலேயே வேலையிலிருந்து நின்றிருக்க வேண்டியவள். லோஜினி வருஷா வருஷம் தோட்டத்துத் துரையிடம் போய், 'இவங்க இல்லாம என்னால ஏலாது சேர்' என்று சொல்லி வேலையில் வைத்திருந்தாள். சின்னத்தம்பி முப்பத்திரண்டு வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, நெஞ்சு சளியோடு வீட்டில் இருந்துவிட்டார். மகன் பிரதாப் கொழும்பில் ஒரு கடையில், கடைக்குள்ளேயே படுத்துக்கொள்கிறான். லயத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களில் ஒரு ஆளாவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் கணக்கப்பிள்ளை வந்து, 'இந்தக் காம்பராவ வேலைக்காரவங்களுக்குக் கேக்குறாங்க' என்பார். பக்கத்து லயத்தில் அப்படிக் கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு ஆள் இப்போது பூரணிதான்.

"வேணாம்னு சொல்லிரு," என்றார் சின்னத்தம்பி. அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"சொன்னா ஏன்னு கேப்பாங்க."

"காச்சல்னு சொல்லு."

"காச்சல்னா புள்ளைங்க கிட்ட வராதன்னு சொல்லுவாங்க."

"காலு வலின்னு சொல்லு."

"காலு வலிக்கும் ஞாபகத்துக்கும் என்னாங்க? இருந்த எடத்துக்கே வந்து கேப்பாங்க."

அவர் விறகைத் தள்ளினார். புகை வந்தது, இருமினார். இருமி முடிந்ததும், "ஒரு தடவதானே? அன்னிக்கி மழ. தனி ஆளா பத்துப் புள்ளைங்க. யாருக்கும் வரும்," என்றார்.

"ஒரு தடவன்னு யாருக்குத் தெரியும்?"



*

மறுநாள் மாலை கீழ் லயத்து வீரம்மா வந்தாள். அறுபத்தெட்டு வயது. ஆராய்ச்சிக்காரர்கள் கீழ் லயத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"இந்தா பூரணி, நல்லா கேட்டுக்க. மிஸ் அஞ்சு சொல்லு சொல்லுவாங்க. பொறகு வேற கத எல்லாம் பேசுவாங்க. அதுல மயங்கிறாத. கால் மணி நேரம் கழிச்சி, நான் சொன்ன அஞ்சும் என்னான்னு கேப்பாங்க. கொட, எலுமிச்சம்பழம், ரயிலு, செவப்பு, மாடு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத ஆளு முத்தையா அண்ணன். அவரு போயி ரெண்டுதான் சொன்னாரு. மிஸ் ஒன்னும் பேசாம கடதாசியில எழுதிட்டாங்க. எழுதினா என்னா அர்த்தம்? அவரு வெளிய வந்து சொல்லப்போயி, நாங்க எல்லாம் பாடமாக்கிட்டோம். நான் அஞ்சும் சொன்னேன். அந்த மிஸ்ஸு மொகத்தப் பாக்கணுமே."

"எல்லார்கிட்டயும் அதே அஞ்சுதானா?"

"அதேதான். அவங்களுக்கும் அஞ்சுதான் தெரியும் போல. ஒன்னு மட்டும் பாரு, அவங்க கேக்குறதுக்கு முந்தி நீயே சொல்லிறாத. கீழ ஒரு ஆளு பேரக் கேட்டதுக்கே கொடன்னு ஆரம்பிச்சிட்டாரு. நான்தான் மழைக்குக் கொட கேக்குறாருன்னு சமாளிச்சேன்."

வெளியிலிருந்து வரும் கடதாசிக்கு லயம் தனித்தனியாகப் பதில் சொல்வதில்லை. போன வருஷம் நிவாரணப் பட்டியலுக்கு ஆள் வந்தபோது, வீட்டில் டீவி இருக்கிறதென்று உண்மையைச் சொன்ன ஒருத்தியின் பேர் வெட்டப்பட்டது. அது ஓடாத டீவி. அதற்கு முன் மண்சரிவுக்கு எழுத வந்தவர்களிடம், சுவரில் வெடிப்பு சின்னதுதான் என்று சொன்னவருக்கு ஒரு கூரைத் தகரமும் கிடைக்கவில்லை. அதன் பிறகு, முதலில் மாட்டிக்கொள்கிறவர் என்ன கேட்டார்கள் என்று வந்து சொல்வதும், மற்றவர்கள் சரியான பதிலைத் தீர்மானித்துக்கொள்வதும் பழக்கமாகிப் போனது. அதில் யாருக்கும் கூச்சமில்லை. வீரம்மா செய்ததும் அந்த உதவிதான்.

அவள் போன பிறகு சின்னத்தம்பி கதவைச் சாத்தினார். "சொல்லு."

"கொட. எலுமிச்ச. ரயிலு." பூரணி நின்றாள். "மாடு."

"நடுவுல ஒன்னு."

அவளுக்கு வரவில்லை. அப்போதுதான் கேட்டது. ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று விழுந்தது. ஒன்றைப் பொறுக்கினால் இன்னொன்று விழுந்தது. கடைசியில் சின்னத்தம்பி ஒரு கதை செய்தார்: குடை பிடித்துக்கொண்டு எலுமிச்சம்பழம் வாங்கி ரயிலில் ஏறிய சிவப்பு மாடு.

"மாடு ரயில்ல ஏறுமா?"

"டிக்கட் இருந்தா ஏறும்."

இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பயம் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது.

*

ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் கேள்வி கேட்டவள் பெயர் ரோகினி. யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயதிருக்கும். மழைக்கோட்டின் உள்ளே கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். காலில் ஏறிய அட்டையைக் கத்தாமல் பிய்த்துப் போட்டதில் பூரணிக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு உண்டானது.

"அம்மா, ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். இது சோதினை இல்ல. பாஸ், பெயில் எண்டு ஒண்டும் கிடையாது. உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி எந்த நேரமும் விலகலாம். ஏன் எண்டும் கேக்க மாட்டம். விளங்கினால் இதில கையெழுத்து வையுங்கோ."

விலகலாம் என்று சொன்ன கடதாசியைப் பூரணி அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே அதை நம்பவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார்கள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம் என்றார்கள். வீரம்மா சொல்லிவிட்ட வரிசையிலேயே எல்லாம் நடந்தது. ரோகினி ஐந்து சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பூரணி பதில் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் மாட்டை ரயிலில் ஏற்றி, அது இறங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி அம்மா. நான் முதல் சொன்ன சொல்லுகள் நினைவிருக்கோ?"

"கொட, எலுமிச்ச, ரயிலு, செவப்பு, மாடு."

"அருமை," என்றாள் ரோகினி. சந்தோஷமாக எழுதினாள்.

பூரணி வெளியே வந்து தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவினாள். தப்பிவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. பிள்ளைக் காம்பராப் படியில் கால் வைத்தபோது வேறொன்று தோன்றியது. இனி எழுத்திலேயே இருக்கிறது, பூரணிக்கு ஒன்றுமில்லை என்று. துரை கேட்டாலும் அதைக் காட்டுவார்கள். லோஜினி இனி நிம்மதியாகப் பயிற்சிக்குப் போவாள். பத்துப் பிள்ளைகளோடு பூரணியைத் தனியே விட்டுவிட்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கொதிநீர்க் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காம்பராவின் நடுவில் நின்றாள். எதற்காக எடுத்தோம் என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருந்தன. ஒன்று அவள் சேலையைப் பிடித்து எழும்பப் பார்த்தது. அசைந்தால் சிந்திவிடும் என்று அசையாமல் நின்றாள். "என்னா ஆயாம்மா, செலை மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே லோஜினி கேத்தலை வாங்கிப் போனாள். பூரணியும் சிரித்தாள்.

*

கூட்டம் பௌர்ணமிப் போயா விடுமுறையில், கோயில் மண்டபத்தில். முப்பத்தொரு பேர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பலர் நாற்காலியின் நுனியில், எழும்பச் சொல்வார்களோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். லோஜினி ஒரு பக்கத்தில் குறிப்புக் கொப்பியோடு இருந்தாள். சின்னத்தம்பி பூரணிக்குப் பக்கத்தில்.

"இங்க கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது," என்று ரோகினி ஆரம்பித்தாள். "நாங்கள் எத்தினையோ இடம் போனனாங்கள். உங்கட ஆக்கள் மாதிரி ஒரு இடமும் காணேல்ல. ஒராளைத் தவிர எல்லாருக்கும் ஞாபகசக்தி முழுசா இருக்கு. எப்பிடி எண்டு நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தரவேணும்."

அந்த ஒராள் முத்தையா என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பணிஸைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"வல்லாரச் சம்பலு மிஸ்," என்றாள் வீரம்மா. "அத வுடக்கூடாது."

"பச்சத்தண்ணியில குளிக்கிறது," என்றார் ஒருவர்.

"நீ குளிச்சி எத்தன நாளு?" என்று இன்னொருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

"வேல மிஸ். ஒக்காந்தா போச்சி. இவ பூரணியப் பாருங்க, இன்னமும் பத்துப் புள்ளைங்களப் பாக்குறா."

ரோகினி பூரணியைப் பார்த்தாள். "ஓம், உங்களை எனக்கு நினைவிருக்கு. சின்னப் பிள்ளையளோட இருக்கிறது மூளைக்கு நல்லது எண்டு நினைக்கிறீங்களோ?"

பூரணி எழுந்தாள். சின்னத்தம்பி அவள் முழங்கையைப் பிடித்தார். அந்த லயத்துக் காம்பரா, அந்த அடுப்பு, மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் போக வேறு இடமில்லாதது எல்லாம் அந்தப் பிடியில் இருந்தன. அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மிஸ், அந்த அஞ்சு சொல்லும் எங்களுக்கு முன்னுக்கே தெரியும்."

"பூரணி," என்றாள் வீரம்மா.

"முத்தையா அண்ணன் மட்டுந்தான் நெசமாச் சொன்னாரு. நாங்க எல்லாம் பாடமாக்கிட்டு வந்தோம். மத்தவங்களுக்கு நல்லா இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு இல்ல."

"இருங்கோ அம்மா. அதைப் பிறகு தனிய..."

"இல்ல மிஸ். வெளிய போகாதுன்னு சொன்னீங்க. இது வெளிய போகணும்."

அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமையை, பூட்டிய கதவை, உருளைக்கிழங்கை. யாருடைய பிள்ளை என்று மட்டும் சொல்லவில்லை. அதை முதலில் கேட்க உரிமையுள்ளவள் அங்கே இல்லை. கேத்தலையும் சொன்னாள். அப்போது லோஜினி கொப்பியை மூடினாள்.

மண்டபத்துத் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. முத்தையா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாரையும் காட்டிக் குடுத்திட்டியே," என்றாள் வீரம்மா. குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவளும் எதையோ தன்னிடமே எண்ணிப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினாள்.

ரோகினி பூரணியைக் கோயிலின் பின்னறைக்குக் கூட்டிப்போய், வேறு ஐந்து சொற்களைச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது இரண்டு வந்தன.

"இதை வச்சு நான் ஒண்டும் முடிவு சொல்ல ஏலாது அம்மா," என்றாள் ரோகினி. அவள் ஆராய்ச்சியும் அதில் போய்விட்டது. "நித்திரை இல்லாட்டியும் இப்பிடி வரும். தைரொயிட், விற்றமின் குறைவு, கனக்கக் கவலை... திருத்தக்கூடிய காரணம் கன இருக்கு. திருத்த ஏலாததும் இருக்கு. கிளினிக்குக்குக் கடிதம் தாறன். கட்டாயம் போங்கோ."

வாசலில் லோஜினி நின்றாள். "ஏன் ஆயாம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க துரைகிட்ட சொல்லணும் டீச்சர்."

"இப்பயும் சொல்லணுமே."

"சொல்லுங்க."

லோஜினி கண்ணைத் துடைத்தாள். "குசினி வேலைக்குன்னு கேட்டுப் பாக்குறேன். குடுப்பாங்களோ தெரியல."

*

நிலக்ஷி தன் லயத்துப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. கிஷாந்த் பக்கத்தில் விரித்த சாக்கில் உட்கார்ந்து, சவர்க்காரப் பெட்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். பூரணியைக் கண்டதும் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.

"வாங்க ஆயாம்மா. கூட்டம் முடிஞ்சிதா? பணிஸ் குடுத்தாங்களாம்."

பூரணி நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும். சின்னத்தம்பி நாலடி பின்னால் நின்றார்.

நிலக்ஷியின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிழியாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகக் காத்திருந்தீங்கன்னுதான் நான்..."

"காத்திருக்கல. பூட்டிட்டு வந்து கெழங்கு சீவிக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல புள்ள."

"அரை மணி நேரமா? ஒரு மணி நேரமா?"

"தெரியல."

"அழுதானா?"

சின்னத்தம்பி ஒரு அடி முன்னால் வந்தார். "தூங்கிக்கிட்டுத்தான்..." என்று ஆரம்பித்தார். பூரணி திரும்பாமலே கையால் அவரை நிறுத்தினாள்.

"தூங்கினான்னு ஒங்கிட்ட சொன்னேன். அது எனக்கு நெனவில்ல. பூட்டத் தொறந்தது வரைக்கும் இருக்குது. உள்ள போனது இல்ல. அவன் எப்படிக் கெடந்தான்னு நானுந்தான் தெனம் யோசிக்கிறேன். வர மாட்டேங்குது."

நிலக்ஷி துணியைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தாள். ஈரக் கையோடு அவன் முகத்தைத் திருப்பி, கண்ணை, கன்னத்தை, கழுத்தைப் பார்த்தாள். அழுதிருந்தால் அதன் தடம் இன்னும் இருக்கும் என்பதுபோலப் பார்த்தாள். அவன் தாயின் கைக்குள் நெளிந்து, தினமும் காலையில் செய்வதுபோலப் பூரணி பக்கம் சாய்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

பூரணியின் கைகள் தாமாகவே பாதி உயர்ந்தன. நிலக்ஷி அசையவில்லை. பூரணி கைகளை இறக்கி, முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நாளைக்கி மலைக்குப் போகணும் ஆயாம்மா," என்றாள் நிலக்ஷி. திட்டுகிற குரலில்லை. வழி தெரியாதவளின் குரல். "இவன எங்க வுடுறது?"

"டீச்சர் கையில குடு. டீச்சர் வரலன்னா நீ வேலைக்கிப் போகாத. என் கையில குடுக்காத."

நிலக்ஷி குழந்தையைத் தோளோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நல்லா கேட்டுக்க புள்ள. இதையும் மறந்திருவேன். காலையில வாசல்ல நின்னு, வாடா ராசான்னு கைய நீட்டுவேன். அப்பயும் குடுக்காத."